பெரியாஸ்பத்திரிக்கு ஒரு எலெக்டிவ்: மதுரை நாட்குறிப்பு

ஞாயிறு, இரவு

எலெக்டிவுக்கு மதுரை போகிறேன் என்றதும் வகுப்பில் ஒருத்தன், "அங்க என்ன இருக்கு? கூட்டம்தான இருக்கும்" என்றான். கூட்டத்துக்காகத்தான் போகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் படிப்பது ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில். கட்டடம் பளபளவென்று இருக்கும். பொம்மைக்கு ஊசி போட்டுப் பழக ஸ்கில் லேப் உண்டு. நோயாளிகள்தான் குறைவு. மண்ணீரல் வீங்கிய ஒருவர் வார்டில் சேர்ந்துவிட்டால் வகுப்பே வரிசையில் நிற்கும். கடைசி ஆள் கை வைக்கும்போது அந்த மனிதர் வயிற்றை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பார். 2019-இல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டம் எலெக்டிவ் என்று கொஞ்ச நாட்களை நம் கையில் விட்டிருக்கிறது. பிடித்த துறையில், அனுமதி கிடைத்தால் வேறு ஊரில்கூட, போய் இருந்து பார்க்கலாம். நானும் வகுப்புத் தோழி ஒருத்தியும் பொது மருத்துவம் எழுதிக்கொடுத்து, பெரியாஸ்பத்திரி என்று சொல்கிற மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுமதி வாங்கினோம்.

வைகை எக்ஸ்பிரஸில் வந்தோம். 1977 சுதந்திர தினத்தன்று ஓடத் தொடங்கிய வண்டி, அப்பா காலேஜ் படித்தபோது இதில்தான் வந்து போனாராம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம் கோரிப்பாளையம், பெரியாஸ்பத்திரி பக்கம் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "யாருக்கும்மா என்ன?" என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை, படிக்க வந்திருக்கிறோம் என்றோம். "அப்பச் சரி" என்று வண்டியைக் கிளப்பியவர், வழியெல்லாம் எந்த நேரத்துக்கு ஓபி சீட்டு வாங்கினால் சீக்கிரம் பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். 1889-இல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் ஏறியபோது கீழே வைகையில் மணலும் புல்லும்தான் இருந்தன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்புகளில் வருகிற நோயாளிகளின் ஊர், வயது, உறவு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுவேன். யாருடைய படமும் போடமாட்டேன். கேட்காதீர்கள்.

திங்கள்

பனகல் சாலையில் காலை ஏழு மணிக்கே பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கையில் மஞ்சப்பை. உள்ளே பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட், மூன்று வருஷத்துச் சீட்டுகள், ஒரு தண்ணீர் பாட்டில். இந்த ஆஸ்பத்திரிக்கு வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர், வயதானவர்கள் வாயில் ஒரு பெயர். வெள்ளைக்காரக் கவர்னர் எர்ஸ்கின் பிரபு பெயரில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியாக இருந்து பிறகு ராஜாஜி பெயருக்கு மாறியது. இன்றைக்கும் ஓபி வரிசையில் ஒரு தாத்தா "எஸ்கின் ஆஸ்பத்திரி" என்றுதான் சொன்னார். இதோடு சேர்ந்த மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் வந்தது. தேனி, சிவகங்கை என்று தொடங்கி, 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் வரைக்கும் சுற்றிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. ஆனாலும் கையை மீறிய கேஸ் என்றால் "மதுரைக்குக் கொண்டு போங்க" என்பது இந்தப் பக்கத்து வழக்கம்.

டீன் ஆபீஸ், கடிதம், கையெழுத்து, இன்னொரு கையெழுத்து. அதை விட்டுவிடலாம்.

நாங்கள் சேர்ந்த யூனிட்டுக்கு நாளைக்கு அட்மிஷன் டே. மெடிசினில் பல யூனிட் உண்டு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள், அன்றைக்கு வந்து சேர்கிறவர்கள் எல்லாம் அந்த யூனிட்டின் பொறுப்பு. மற்ற நாட்களில் ரவுண்ட்ஸ், ஓபி, டிஸ்சார்ஜ். சீஃப், அவருக்குக் கீழே ஏபி என்கிற உதவிப் பேராசிரியர், பிறகு மேற்படிப்பு படிக்கிற டாக்டர்களான பிஜிக்கள், கடைசியில் சிஆர்ஆர்ஐ என்கிற பயிற்சி டாக்டர்கள். இந்த ஏணியில் எங்களுக்குப் படியே கிடையாது. ஏணி சாய்ந்திருக்கிற சுவர் பக்கமாக நின்றுகொண்டிருந்தோம்.

ஓபியில் ஏபி மேடம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அவர் நோயாளி நாற்காலிக்கு வருவதற்குள் பாதி பார்த்துவிடுகிறார். உள்ளே வருகிற நடை, கூட வருகிற ஆள் எந்தக் கையைப் பிடித்திருக்கிறார், செருப்பு ஒரு காலில் மட்டும் கழன்று கழன்று விழுகிறதா என்று. "செருப்பு வழுக்கிப் போறது தெரியாம நடந்து வர்றாரே, சுகர் எத்தனை வருஷமாம், கேளு" என்றார் என்னிடம். பதினாலு வருஷமாம். உள்ளங்காலில் புண் இருந்தது, அவருக்கே தெரியவில்லை. நரம்புச் சேதத்தைப் பற்றி எங்களுக்கு எடுத்த வகுப்பில் செருப்பு வரவே இல்லை.

மருந்து கொடுக்கிற இடத்தில் வரிசை நகர்கிற வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாத்திரைகள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வருகின்றன. 1994-இல் தொடங்கிய கழகம், மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர் போட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பாஸ்புக்கில் கழித்துக் கொடுக்கிற ஏற்பாடு. இதைச் சமூக மருத்துவப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்திருக்கிறேன். இன்றைக்கு அது ஒரு அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு போன மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை.

செவ்வாய்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. இரவு பதினொன்றரை ஆகிவிட்டது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஏழரை மணிக்கு ஒரு பெண்ணைக் கணவரும் கொழுந்தனாரும் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டம். இந்தப் பக்கத்து மல்லியை மொட்டாகவே பறிக்க வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்பு. ஆவணி முகூர்த்தம் வேறு, பூ விலை ஏறிக்கிடக்கிறது. இருட்டிலேயே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். நாலரை மணிக்குக் கணுக்காலுக்கு மேலே கடி. அங்கே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கால் முழங்கால் வரைக்கும் வீங்கி, கடிவாயில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பல் ஈறிலும் ரத்தம்.

கணவர் போனை நீட்டினார். பாம்பைப் படம் பிடித்து வைத்திருக்கிறார், படத்தில் தெரிந்தது செடியும் டார்ச் வெளிச்சமும்தான். பிஜி அக்கா அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "படம் வேணாம்ணே. ரத்தமே சொல்லிரும்" என்றார்.

ரத்தம் சொல்வது இப்படித்தான். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து, அசைக்காமல் இருபது நிமிஷம் நிற்க வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது, கண்ணாடியில் பட்டால்தான் உறையும் வேலை ஒழுங்காகத் தொடங்கும். கழுவின குழாயும் கூடாது, சோப்பு ஒட்டியிருந்தால் முடிவு தப்பாகிவிடும். பிஜி அக்கா பிளாஸ்டரில் 7.52 என்று எழுதிக் குழாயில் ஒட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். "பேரென்ன? சரி. இதை யாரும் தொடாமப் பார்த்துக்க. நீயும் தொடாத." போய்விட்டார். அந்த இருபது நிமிஷத்தில் அவர் இன்னும் மூன்று பேரைப் பார்த்தார். நெஞ்சுவலி ஒன்று, காய்ச்சல் இரண்டு.

ஸ்டாண்டுக்கு முன்னால் காவல் நின்றேன். பக்கத்தில் கட்டிலில் அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல தாயி?" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், "வலிக்குதாக்கா?" என்று கேட்டேன். "வலி கெடக்குது. பூவு பாதி பறிக்காமக் கெடக்கு" என்றார்.

8.12. பிஜி அக்கா வந்து குழாயைச் சாய்த்தார். உறைந்திருந்தால் உள்ளேயே கட்டியாக நிற்க வேண்டும். தண்ணியாக ஓடியது. கண்ணாடி விரியன்தான் பெரும்பாலும். விஷம் உறைய வைக்கிற பொருட்களையெல்லாம் தீர்த்துவிட்டிருக்கிறது.

அடுத்து நடந்ததை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. விஷமுறிவு மருந்து பொடியாக வருகிறது, பத்துக் குப்பி. ஒவ்வொன்றிலும் பத்து மில்லி நீர் விட்டுக் கரைக்க வேண்டும். நான் ஒன்றை எடுத்துக் குலுக்கப் போனபோது சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார். "குலுக்காத, நுரைச்சிரும். இப்பிடி உருட்டு." குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். பொடி கரைந்து தெளிந்தது. எனக்கு இரண்டு, என் தோழிக்கு இரண்டு, மிச்சத்தை அவர் ஒருவரே, எங்களைவிட வேகமாக. உருட்டிக்கொண்டே, கணவரிடம் கட்டிய துண்டைப் பற்றித் திட்டவும் செய்தார். அட்ரினலின் ஒரு சிரிஞ்சில் ஏற்றித் தயாராக ட்ரேயில் இருந்தது. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரும், அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் சலைனோடு ஏறி முடிந்தது. ஒவ்வாமை வரவில்லை.

இந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலுக்கும் சேர்த்து ஒன்று. அதனால்தான் பாம்பை அடித்துத் தூக்கிவர வேண்டியதில்லை என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். மருந்து செய்ய வேண்டிய விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அதில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அங்கே போயிருக்கிறேன், ஐஸ்கிரீம் வாங்கித் தரவில்லை என்று அழுதது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

மருந்து ஏற்றியதும் சரியாகிவிடாது. ஈரல் புதிதாக உறைபொருளைச் செய்ய ஆறு மணி நேரமாவது வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுபடியும் குழாய். மத்தியானமும் ஓடியது. இன்னொரு பத்துக் குப்பி. இரவு ஒன்பதரைக்குச் சாய்த்தபோது நின்றது. பிஜி அக்கா அதைக் கணவரிடம் காட்டி, "பாருங்க, கட்டியாயிருச்சு" என்றார். அவர் குழாயையே கும்பிட்டார்.

2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். எனவே இந்த அக்காவுக்காக ஒரு படிவமும் நிரப்பினோம். அது சிஆர்ஆர்ஐ தம்பியின் வேலை, நான் வாசிக்க அவன் எழுதினான்.

புதன்

அக்காவின் ரத்தம் உறைகிறது. சிறுநீர்தான் குறைகிறது. கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகம் அடிவாங்குவது அடிக்கடி நடப்பது. அவர் எடைக்கு மணிக்கு 25 மில்லியாவது வர வேண்டும். விடிகாலையிலிருந்து அதற்கும் கீழே, கடுங்காப்பி நிறத்தில்.

இன்றைக்கு எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அக்காவின் மணிவாரி சார்ட். சிறுநீர் சேர்கிற யூரோபேகில் அளவு பார்த்து, நேரம் போட்டு, எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று எழுத வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் நாற்பது பேர் இருக்கிற வார்டில் இரண்டு சிஸ்டர்கள் ஒவ்வொரு மணிக்கும் ஒருத்தருக்காக வந்து நிற்பது லேசில்லை. எலெக்டிவ் வருகிறவர்கள் நோய்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவர்களாகவே இருந்துவிடுகிறோம் என்று எனக்கு முதல் நாளே உறுத்தல். ஒரு சார்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டபிறகு சிஸ்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அதுவரைக்கும் "ஏ ஸ்டூடண்ட்டு".

சாயங்காலம் மழை. ராத்திரி கோரிப்பாளையத்தில் பன் பரோட்டா.

வியாழன், நடுராத்திரி தாண்டி

எமர்ஜென்சி பிரிவில் இன்று ஒரு ராத்திரி நிற்க அனுமதி. தமிழ்நாடு விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தை அதன் ஆங்கிலச் சுருக்கத்தை (TAEI) வைத்து எல்லாரும் 'டேய்' என்றே சொல்கிறார்கள். வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். மூச்சு, நாடி, நினைவு இவற்றில் ஒன்று ஆட்டம் கண்டிருந்தால் சிவப்பு. காத்திருக்கலாம் என்றால் பச்சை. பச்சைக்காரர்கள்தான் அதிகம் சத்தம் போடுகிறவர்கள். சத்தம் போட முடிகிறவரை ஓரளவு நம்பலாம் என்பது இங்கே ஒரு கணக்கு.

பத்து மணியிலிருந்து 108 வண்டிகள். 2008-இல் இந்த வண்டி ஓட ஆரம்பித்தபோது நான் குழந்தை, 108 இல்லாத ஊரை நான் பார்த்ததே இல்லை. நாலுவழிச்சாலையில் விழுந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஹெல்மெட்டைப் பற்றி இங்கே எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. விபத்தில் வந்தவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கிற இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். ஆனாலும் நேராக இங்கேதான் வருகிறார்கள்.

ஒன்றை மட்டும் பக்கத்திலிருந்து பார்த்தேன். மயக்கத்தில் ஒரு இளைஞன். ஒரு பக்கம் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், ஒரு பக்கம் ஊசி ஏற்ற நரம்பு தேடுகிறார்கள், இன்னொருவர் வயிற்றில் ஸ்கேன் வைக்கிறார். நடுவில் சிஆர்ஆர்ஐ பெண் ஒருத்தி குனிந்து அவன் கழுத்திலும் தோளிலும் எதையோ தேடுகிறாள். காயமா என்று நினைத்தேன். மச்சம்! ஏஆர் என்ற விபத்துப் பதிவேட்டில் இரண்டு அங்க அடையாளம் எழுத வேண்டும். நாளைக்குக் கோர்ட்டில் இந்த ஆள்தான் அந்த ஆள் என்று சொல்ல அதுதான் சாட்சி. "வலது தோள்பட்டையில ஒண்ணு. இன்னொண்ணு வேணுமே..." அவளோடு நானும் தேடினேன். இடது முழங்கைக்குக் கீழே, மண் ஒட்டியிருந்த இடத்தில் கிடைத்தது. இவ்வளவு அவசரத்தில் இது தேவையா என்று தோன்றத்தான் செய்தது. கூட வந்த யாருக்கும் அவன் பெயரே தெரியவில்லை என்று பிறகு தெரிந்தபோது அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஸ்டூடண்டா? அப்ப அந்தப் பக்கம் பிடி." ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன். சிடி ஸ்கேனுக்குப் போனோம். எந்த வளைவில் எவ்வளவு மெதுவாகத் திருப்ப வேண்டும், எந்த இடத்தில் தரை தூக்கியிருக்கிறது, எந்த நேரத்தில் லிஃப்ட் கீழே நிற்கும் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். "தலை அடிபட்டவனை ஆட்டாமக் கொண்டு போறதுதான் வைத்தியத்துல மொதப் பாதி" என்றார். ஒப்புக்கொள்ளாத நியூரோ சர்ஜன் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடி. பையனின் அண்ணன் மூன்று மணிக்கு மானாமதுரையிலிருந்து வந்து சேர்ந்தார்.

நாலு மணிக்கு வெளியே வந்தால் இட்லிக் கடையில் ஆவி பறக்கிறது, பெஞ்சில் இடம் இல்லை. சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் உள்ளே யாரையோ படுக்க வைத்துவிட்டு வந்தவர்கள். நானும் தோழியும் ஆளுக்கு நாலு இட்லி, மூன்று வகைச் சட்னி. ஒருவர் காசு கொடுக்கும்போது கடைக்காரர், "உங்காளு எப்பிடி இருக்காரு?" என்று கேட்டார். "கண்ணு முழிச்சிட்டாருண்ணே." "அப்ப சரி. டீயுக்கு வேணாம், போ."

வெள்ளி

தூங்கினேன். சாயங்காலம் போய் சார்ட் பார்த்தேன். அக்காவுக்கு, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறி, முதல் டயாலிசிஸ் முடிந்திருந்தது. தலைமாட்டில் மீனாட்சி கோயில் குங்குமமும், கோரிப்பாளையம் தர்கா கயிறும். மாமியார் இரண்டையும் கொண்டுவந்திருக்கிறார். "எது வேலை செஞ்சாலும் சரி" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி.

சனி

தோப்பூர் போனோம். பெரியார் நிலையத்திலிருந்து பஸ், திருப்பரங்குன்றம் மலையை ஒட்டிக்கொண்டே போய், திருநகர் தாண்டி. ஆஸ்டின்பட்டியில் நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. ஊருக்குள் பெரியாஸ்பத்திரியின் நெரிசலில் ஒரு வாரம் இருந்துவிட்டு இங்கே வந்தால் காது அடைத்துக்கொள்கிறது. மரங்கள், நல்ல காற்று, தள்ளித் தள்ளி வார்டுகள். அந்தக் காலத்தில் காசநோய்க்கு இதுதான் மருந்து என்று நம்பினார்கள்: காற்று, ஓய்வு, முட்டை, பால், மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கை.

அந்த நம்பிக்கையை உடைத்தது நம் சென்னைதான். 1956-இல் அங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கி, ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயும் வைத்து, ஐசோநயசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் குடிசையில், நெருக்கத்தில், அரைச் சாப்பாட்டில் இருந்தவர்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணம். கூட இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். எங்கள் கல்லூரியில் எல்லா வெளிநாட்டு ஆய்வுகளின் பெயரையும் சுருக்கெழுத்தோடு ஒப்பிப்போம், இதைச் சொன்னவர்கள் குறைவு.

இப்போது இங்கே சேர்வது வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு மோசமானவர்கள். 2022-இல் வந்த காசநோய் இறப்பிலாத் திட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்று பார்க்க லேப் எதுவும் வேண்டாம்: உயரத்துக்கு எடை எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எத்தனை, ஆக்சிஜன் எத்தனை, பிடிக்காமல் நிற்க முடிகிறதா. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நிமிஷ வேலை. அந்தக் கடைசிக் கேள்வியை எனக்குக் காட்டிய டாக்டர், ஒரு பெரியவரை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் கட்டில் கம்பியைத் தேடினார். அவ்வளவுதான், பரிசோதனை முடிந்தது.

திரும்பும் வழியில் எய்ம்ஸ் இடத்தைப் பார்த்தோம். 2019 ஜனவரியில் அடிக்கல். 2022-இல் முதல் ஐம்பது மாணவர்கள் சேர்ந்தது நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில். சொந்த ஆஸ்பத்திரி எழும்புவதற்கு முன்னால் அடுத்தவர் வார்டில் படித்த பிள்ளைகள். நாங்கள் கொஞ்ச நாள் எலெக்டிவ் வந்ததை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருக்கிறோம், அவர்களுக்குப் படிப்பே எலெக்டிவாக ஓடியிருக்கிறது!

ஞாயிறு

புட்டுத் திருவிழா. ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் கூட்டம். வந்திக் கிழவியிடம் பிட்டு வாங்கித் தின்றுவிட்டு, அவளுக்காக வைகைக் கரைக்கு மண் சுமக்காமல் தூங்கி, பிரம்படி வாங்கிய சுந்தரேஸ்வரர் கதை. கையில் பிட்டு கொடுத்தார்கள். ஏலக்காய் தூக்கல்.

மத்தியானம் அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனை வாசல் வரைக்கும் நடந்தோம். உள்ளே போகவில்லை, இன்று லீவு. கட்டிய டாக்டர் கோ. வெங்கடசாமி பெரியாஸ்பத்திரிக்காரர் என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரியும். பிரசவ மருத்துவராக வேண்டும் என்று இருந்தவர். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போனதால் கண் பக்கம் வந்து, மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976-இல், 58 வயதில், பதினொரு படுக்கையோடு இதைத் தொடங்கினார். ஒரே நாளில் வரிசையாகக் கண்புரை அறுவை செய்கிற அந்தப் பழக்கம், கும்பல் கும்பலாக நோயாளி வருகிற ஒரு அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவருக்குத்தான் தோன்றியிருக்கும் என்பது என் ஊகம். நோயாளி குறைவாக இருக்கிற இடத்தில் யாரும் வேகத்தைக் கண்டுபிடிப்பதில்லை.

விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. தோழிக்கு இரண்டு.

செவ்வாய்

மறுபடியும் அட்மிஷன் டே. டெங்கு சந்தேகக் காய்ச்சல்கள், ஒரு பக்கவாதம், மூச்சுத்திணறலோடு இரண்டு பேர். போன வாரம் இதே நேரத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். இன்று பிஜி அக்கா ரத்த மாதிரிக் குழாய்களைக் கொடுத்து, "சிவப்பு பயோகெமிஸ்ட்ரி, ஊதா பெத்தாலஜி, வழியில யார்கிட்டயும் கதை பேசாத" என்றார். இரண்டு நாளாக எங்களை இன்னொரு வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள்: நோயாளிகளோடு வந்திருக்கிற அட்டெண்டர்களுக்கு வழி சொல்வது. எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கப் போ என்று சீட்டு எழுதிவிடுகிறார்கள், அது எந்தக் கட்டடம், எத்தனை மணிக்கு, சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்பதையெல்லாம் யாராவது நின்று சொல்ல வேண்டும். சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக்கொடுத்தேன். என் கையெழுத்தை முதல்முறையாக ஒருவர் பாராட்டினார்.

மல்லிகைத் தோட்டத்து அக்காவுக்குச் சிறுநீர் வர ஆரம்பித்துவிட்டது. நேற்று முழுநாளில் 700 மில்லியைத் தாண்டியது. டயாலிசிஸை நிறுத்திப் பார்க்கலாம் என்று சிறுநீரகத் துறையான நெஃப்ராலஜி சொல்லியிருக்கிறது.

வியாழன்

லாக்புக்கில் சீஃப் கையெழுத்து போட்டார். போடுவதற்கு முன் ஒரு கேள்வி: "ராத்திரி தரையில படுத்திருந்த பையன். விடியக்காலை வயித்து வலின்னு வர்றான். கடிச்ச அடையாளம் இல்ல, வீக்கம் இல்ல. குழாயில ரத்தம் ஒழுங்கா உறையுது. வீட்டுக்கு அனுப்பிரலாமா?" நான் கண் இமையைப் பார்ப்பேன் சார் என்றேன். இமை தொங்கினால் கட்டுவிரியன், வயிற்று வலி அதற்கு முதல் அறிகுறியாக வரலாம், மூச்சுத் தசைகள் நிற்பதற்குள் பிடிக்க வேண்டும். "ம்" என்று கையெழுத்து போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பாராட்டு அவ்வளவுதான். பிஜி அக்கா அது பெரிய பாராட்டு என்கிறார்.

சார்ட்டை சிஆர்ஆர்ஐ தம்பியிடம் ஒப்படைக்கப் போனபோது மல்லிகை அக்கா போனில் கணவரை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தார். முகூர்த்த நாளில் பூவை ஏன் உள்ளூர் வியாபாரியிடம் போட்டாய், மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோயிருந்தால் கிலோவுக்கு எவ்வளவு கூடியிருக்கும் என்று. என்னைப் பார்த்ததும் போனை இறக்காமலே, "தண்ணி எவ்வளவு தாயி இன்னிக்கு?" என்றார். மத்தியானம் வரைக்கும் 600 என்றேன். "அறுநூறு" என்று போனில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார். இனிமேல் இருட்டில் இறங்கினால் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று சிஸ்டர் சொன்னதற்கு, பூட்ஸைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்க முடியுமா என்று பதில் கேள்வி. சிஸ்டரிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும்தான்.

அடுத்து வர நினைக்கிறவர்கள் பின்னூட்டத்தில் கேட்டதற்கு: உங்கள் கல்லூரி முதல்வர் கடிதம், அடையாள அட்டை, தடுப்பூசிச் சான்று (ஹெபடைட்டிஸ் பி அவசியம்) எல்லாவற்றுக்கும் மூன்று நகல் வையுங்கள். அனுமதிக்கு முன்கூட்டியே, ஒரு மாதமாவது இருக்கும்போது எழுதுங்கள். செருப்பு வேண்டாம், கழுவக்கூடிய ஷூ. பேனா நாலு, மூன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்கள் தங்க ஷெனாய் நகர் பக்கம் ஹாஸ்டல்கள் விசாரியுங்கள். யூனிட்டில் சேர்ந்த அன்றே அட்மிஷன் டே எது என்று கேட்டுக்கொண்டு, அன்றைக்குக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போங்கள்.